பணியாரத் தகட்டில் ஒரு குளிர்ந்த குழி

சென்ற ஆயுத பூஜைக்கு மறுநாள் செந்தில் போன் செய்தான். எங்கள் கல்லூரியின் வெப்ப ஆய்வகத்தில் எனக்குப் பிறகு டெக்னிக்கல் ஆபீசராக வந்தவன். நான் ஓய்வு பெற்றபோது சாவிக்கொத்தை அவன் கையில்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.

"மேரி மேடம், ஒரு சந்தேகம். மத்த டிபார்ட்மெண்ட்ல எல்லாம் பூஜைக்கு மெஷினோட நெத்தியில பொட்டு வைக்கிறாக. நம்ம லேப்ல மட்டும் ஏன் ஸ்டாண்டு கால்ல வைக்கிறோம்?"

புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் ஒருவர் கேட்டாராம். இவனுக்குப் பதில் தெரியவில்லை. ஒருவர் வாஸ்து என்றாராம். பணிவைக் காட்டத்தான் காலில் வைக்கிறோம் என்று இன்னொருவர் விளக்கம் சொல்லி, கேட்டவர்கள் தலையை வேறு ஆட்டியிருக்கிறார்கள். பட்டறைக்காரர்கள், துருப்பிடிக்காமல் இருக்க வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொஞ்சம் விட்டிருந்தால் இதற்கு ஒரு தல புராணமே எழுதியிருப்பார்கள்.

"சிரிக்காதீக மேடம். என்னன்னு எழுதிக் குடுங்க, நம்ம டிபார்ட்மெண்ட் மலர்ல போடுவோம். இப்ப வர்ற பிள்ளைக பாதிப் பேரு கம்ப்யூட்டர்லயே காத்த ஓட்டி முடிச்சுர்றாக. நிஜக் காத்து என்னென்ன பண்ணும்னு அவுகளுக்கும் தெரியட்டும்" என்றான்.

அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் லேபில் என்ன வேலை நடந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சூடான டீயை ஊதிக் குடிக்கிறோமே, அதேதான். ஒரு தகட்டை மின்சாரத்தால் சுடவைத்து, ஒரு குழாய் முனையிலிருந்து வேகமாகக் காற்றைப் பீய்ச்சி, தகட்டின் எந்த இடம் எவ்வளவு குளிர்கிறது என்று அளப்போம். உலையிலிருந்து வரும் கண்ணாடிப் பாளத்தை இப்படி ஊதித்தான் உறுதியாக்குகிறார்கள். விமான எஞ்சினுக்குள் சுழலும் சின்னச் சின்ன இறக்கைகள் உருகாமல் இருப்பதற்கும் இப்படி ஒரு ஊதல் தேவைப்படுகிறது. இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தும், என் வீட்டுக்காரர் கடைசிவரை சொந்தக்காரர்களிடம், "அவளுக்கு லேப்ல ஊதுற வேலை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு அப்படி இருந்தாலும், முதல் சம்பளத்திலிருந்து கடைசிச் சம்பளம் வரை தேதி தவறாமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பாலிடெக்னிக் முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தேன். குழாய்க்குக் கிளிப் மாட்டுவது, காற்று கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது, பெரியவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது ஆகிய மூன்றையும் முதல் சில வருடங்களில் கற்றேன். மூன்றாவதை மட்டும் சீக்கிரமே மறந்துவிட்டேன்.

லேபுக்குத் தலைவர் லெட்சுமணன் சார். உடம்பு ஒல்லி, எப்போதும் அரைக்கைச் சட்டை. செருப்பை லேப் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். "கோயிலா சார் இது?" என்று ஒருநாள் கேட்டேன். "கோயில்னா கூடப் பரவாயில்ல மேரி, அங்க தூசியச் சாமி பொறுத்துக்கிரும். கேமரா பொறுக்காது" என்றார்.

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை, ஏனென்றால் அவரிடம் ஒரு சொல் இருந்தது. மாணவர்கள் கணக்கை நீட்டினால், படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அப்படியா?" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்ச் சோறு இறங்காமல் தவித்த பையன்கள் உண்டு. மறுநாள் ஓடி வந்து, "சார், ஒரு இடத்துல பெருக்கல் தப்பு" என்பார்கள். அதற்கும் "அப்படியா?" என்பார். அதில் கொஞ்சம் சர்க்கரை கூடுதலாக இருக்கும். எது எந்த அப்படியா என்று கண்டுபிடிப்பதற்கே எனக்குப் பத்து வருடம் பிடித்தது.

காலையில் வந்ததும் கம்ப்ரஸர் டேங்கின் அடிக்குழாயைத் திறந்து, தேங்கிய தண்ணீரை வடிக்க வேண்டும். பிறகு கம்ப்ரஸரை ஓடவிட்டு, குழாய் முனைக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியை அளவுக்கட்டை வைத்துப் பார்த்து, தகட்டுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தச் சும்மா உட்காருவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். தகட்டின் சூடு ஏறி, இறங்கி, ஒரு நிலைக்கு வந்து, அதற்குப் பிறகு அசையாமல் நிற்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் அதற்கு முன்பே அளவெடுத்துவிடுவார்கள். சார் விடமாட்டார். "இருங்க, அது இன்னும் யோசிக்கிது" என்பார். கடைசியாக, எழுதத் தொடங்குவதற்கு முன், தன் உள்ளங்கையைக் காற்றுக்கு முன்னால் ஒரு நிமிடம் பிடித்துப் பார்ப்பார், வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி.

கையால் என்ன தெரிந்துவிடப்போகிறது என்று எல்லோரும் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் இரண்டு மாணவர்களுக்குத் திடீரென்று அபாரமான ரிசல்ட் வந்தது. தகடு அப்படிக் குளிர்ந்தது. உலகத்தில் யாருக்கும் வராத எண் என்று குதித்துக்கொண்டிருந்தார்கள். சார் வந்தார், "அப்படியா?" என்றார், கையைக் காற்றில் நீட்டினார், எடுத்து என் முன்னால் விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்கப் பன்னீர் தெளித்ததுபோல ஈரம். டேங்கில் தண்ணீரை வடிக்காமல் விட்டதில் காற்றோடு துளியும் சேர்ந்து பறந்திருக்கிறது. ஈரத்துணி போட்டு ஒற்றினால் எந்தத் தகடுதான் குளிராது! அந்தப் பையன்கள் அதற்குப் பிறகு குழாயைக் கண்டாலே வடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருமுறை குடிதண்ணீர்க் குழாயைக்கூட விடவில்லை.

இனி நிஷாவுக்கு வருகிறேன்.

ரஹ்மத் நிஷா இளையான்குடிப் பெண். அவளுடைய அப்பா, அவள் வாயில் அத்தா, வளைகுடாவில் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். முனைவர் பட்டத்துக்கு சாரிடம் சேர்ந்தாள். சாதுவாக இருப்பாள், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டாள். அவள் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: தகடு சமமாக இல்லாமல் குழி குழியாக இருந்தால், பீய்ச்சுகிற காற்று அதை நன்றாகக் குளிரவைக்குமா, இல்லை குழிக்குள் சூடு மாட்டிக்கொள்ளுமா? இரண்டு பக்கத்துக்கும் ஆள் உண்டு. குழியில் காற்று சுழன்று சூட்டை வாரிக்கொண்டு போகும் என்பார்கள் சிலர். குழிக்குள் போன காற்று வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே கிடந்து வெந்துபோகும் என்பார்கள் மற்றவர்கள்.

இதற்காக நிஷா காகிதம்போல மெல்லிய எவர்சில்வர் தகட்டில் ஒன்றைச் சுற்றி ஒன்றாக வட்டம் வட்டமாக, வட்டத்துக்கு வட்டம் ஆழம் மாற்றி, குழிகளை அழுத்தி எடுத்து வந்தாள். லேபில் அதைப் பிரித்து மேசையில் வைத்ததும் நான் சொன்னேன், "ஏம்மா, மாவு எங்க?" அச்சு அசலாகக் குழிப்பணியாரச் சட்டி. அன்றிலிருந்து அதற்குப் பணியாரத் தகடு என்று பெயர் விழுந்துவிட்டது. சாரே மறந்துபோய் ஒரு கூட்டத்தில், "எங்கள் பணியாரத் தகட்டில்" என்று ஆங்கிலத்துக்கு நடுவே சொல்லிவிட்டார். வெளியூர்க்காரர் ஒருவர் அதை ஏதோ புதுக் கலப்பு உலோகம் என்று நினைத்து எழுத்துக்கூட்டிக் குறித்துக்கொண்டார்.

தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு ஓரத்திலும் செம்புக் கட்டைகளால் இறுக்கி மாட்டினோம். குழி இருக்கும் பக்கம் காற்று வந்து அடிக்கும். அதன் முதுகில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு மேடு இருக்கும். அந்த முதுகை வெப்பக் கேமரா பார்க்கும். தகடு காகிதம்போல மெல்லியது என்பதால் முன்பக்கத்துச் சூடுதான் முதுகுக்கும் என்பது கணக்கு. ஆனால் எவர்சில்வர் பளபளப்பு கேமராவை ஏமாற்றிவிடும் என்பதால், முதுகு முழுவதும் பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் அடிக்க வேண்டும். பெயிண்ட் அடிப்பதற்குள் ஆயுத பூஜை லீவு வந்துவிட்டது.

லேப் பூஜையை சார்தான் செய்வார். வீட்டில் தானே அரைத்த சந்தனத்தை வெள்ளிக் கிண்ணத்தில் கொண்டுவருவார். கம்ப்ரஸர், மீட்டர், கேமரா ஸ்டாண்டு என்று ஒன்று விடாமல், மோதிர விரலால் தொட்டுச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பார். நாங்கள் பொரிகடலைக்காகக் காத்து நிற்போம். நான் கழுத்தில் சிலுவை போட்டவள், நிஷா தலையில் முக்காடு போட்டவள், பொரிகடலை மட்டும் எங்களுக்கு எப்போதும் முதலில் வரும். அந்த வருடமும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதற்குப் பிறகு நான் அதைப் பற்றி நினைக்கவேயில்லை.

பூஜை முடிந்து நிஷா பெயிண்ட் அடித்தாள், அளவெடுக்க ஆரம்பித்தாள். சில வாரத்தில் ஒருநாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் திரையைக் காட்டினாள். "அக்கா, இங்குட்டுப் பாருங்க."

திரையில் தகடு நிறம் நிறமாகத் தெரிந்தது. நடுவில் காற்று நேராக அடிக்கும் இடம் நல்ல நீலம். வெளியே போகப் போகப் பச்சை, மஞ்சள், சிவப்பு. இரண்டாவது வட்டத்தில், வலப்பக்க மேல் மூலையில், ஒரே ஒரு குழி மட்டும் சுற்றியிருந்த மஞ்சளுக்கு நடுவே பச்சையாகக் குளிர்ந்து நின்றது. மறுநாளும் நின்றது. காற்றின் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது அங்கேயே நின்றது.

நிஷா அதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்தாள். குழாயிலிருந்து வரும் காற்றில் லேசான முறுக்கு இருக்கிறது, அது அந்தக் குழியில் ஒரு சுழலை உட்காரவைக்கிறது, அந்தச் சுழல்தான் சூட்டை இறைத்து வெளியே ஊற்றுகிறது. அம்புக்குறி போட்டு அவள் வரைந்த படம் அவ்வளவு அழகு. ஒரு குழியில் வந்தது எல்லாக் குழியிலும் வரும்படி செய்துவிட்டால் போதும் அல்லவா? அதுதான் ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம். அதையே சுருக்கி ஒரு மாநாட்டுக்கு அனுப்பினாள், அவர்களும் வரச் சொல்லிவிட்டார்கள். நான் மாதா கோயில் திருவிழாவில் பார்த்தவர்களிடமெல்லாம், "எங்க லேப்ல ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டேன். அந்த "கண்டுபிடிச்சிருக்கோம்" என்பதில் என் பங்கு கம்ப்ரஸரில் தண்ணீர் வடித்தது.

சார் படத்தைப் பார்த்தார்.

"அப்படியா?" என்றார்.

சர்க்கரை இல்லாதது.

"எத்தனை தடவை பாத்தாலும் வருது சார்" என்றாள் நிஷா.

"வருதும்மா, நானும் பாத்தேன். ஆனா அதே வட்டத்துல இடது பக்கம் இருக்கிற குழி என்ன பாவம் பண்ணுச்சு? காத்துக்கு இடது வலது தெரியாதே."

"முறுக்கு இருக்கு சார், அதனால…"

"இருக்கலாம். இல்லைங்கல. தகட்டத் தலைகீழாத் திருப்பி மாட்டிப் பாத்தியா? குளிர்ச்சி காத்துல இருந்தா அது இருந்த எடத்துலயே இருக்கும். தகட்டுல இருந்தா தகட்டோட சேந்து கீழ போயிரும்."

சொல்வதற்குச் சுலபம். அந்தத் தகட்டைச் செம்புக் கட்டையிலிருந்து கழற்றி மறுபடி இழுத்து மாட்டுவதில் ஓரம் கொஞ்சம் கிழிந்தாலும் எல்லாம் முடிந்தது. அதைப்போல இன்னொன்றை அழுத்தி வாங்க மாதக்கணக்கில் ஆகும். நிஷாவுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. ஏற்கெனவே நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. கோடை விடுமுறைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்தாகிவிடும்.

"கிழிஞ்சிரும் சார்" என்றாள்.

"கிழியலாம். தகடு ஒன்னோடது, முடிவும் ஒன்னோடது. நீ திருப்பலைன்னாலும் நான் கையெழுத்துப் போட்டுருவேன். திருப்பலைங்கிறதையும் சேத்து எழுதிரு, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் நிஷா பையை எடுத்துக்கொண்டு கிளம்பவேயில்லை. "அத்தாட்ட அடுத்த மாசம் முடிஞ்சிரும், அடுத்த மாசம் முடிஞ்சிரும்னு சொல்லிச் சொல்லியே காலம் ஓடிப்போச்சுக்கா. இந்த ஒரு குழியத் தவிர என்ட்ட காட்டுறதுக்கு ஒண்ணுமே இல்ல. மத்ததெல்லாம் வெறும் தகட்ட விடக் கொஞ்சம் மோசமாத்தான் குளிருது. இதுவும் போச்சுன்னா நான் பொட்டியக் கட்ட வேண்டியதுதான்."

"அப்ப திருப்பாத. சார்தான் கையெழுத்துப் போடுறேன்னுட்டாரே" என்றேன் நான். என் அறிவுரைகள் பொதுவாக இந்த ரகம்.

"திருப்பலைன்னு எழுதணுமேக்கா" என்றாள். எழுந்து போய் ஸ்பேனரை எடுத்தாள்.

மறுநாள் காலை முழுக்க அந்த வேலைதான். நான் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டேன், அவள் திருகாணியைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தினாள். தகடு கையில் வந்தபோது வாழைக்குருத்தைப் பிடித்திருப்பதுபோல இரண்டு பேரும் நடந்தோம். நான் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு வேண்டுதலில் எது பலித்ததோ, தகடு கிழியவில்லை. தலைகீழாக மாட்டி, காற்றைத் திறந்து, மின்சாரம் கொடுத்துவிட்டு, அது யோசித்து முடிக்கட்டும் என்று உட்கார்ந்தோம்.

குளிர்ந்த குழி இடப்பக்கக் கீழ் மூலையில் இருந்தது.

நிஷா எல்லாவற்றையும் நிறுத்தினாள். தகடு ஆறும்வரை நின்றுவிட்டு, முதுகுப் பக்கம் போய், அந்த மேட்டை விரலால் தடவினாள். பக்கத்து மேட்டையும் தடவினாள். "இது மட்டும் தடிப்பா இருக்குக்கா" என்றாள். நகத்தால் மெல்லச் சுரண்டினாள். கறுப்புப் பெயிண்ட் பெயர்ந்து, உள்ளே வெளிர்மஞ்சளாக ஏதோ பொடி உதிர்ந்தது. அவள் விரலை மூக்கருகே கொண்டுபோனாள். எனக்கே வாசம் அடித்தது. சுத்தமான சந்தனம்.

நிஷா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான்க்கா" என்றாள். "பூஜையன்னிக்கு சார் இந்தத் தகட்டுக்கும் பொட்டு வச்சாரு. லீவு முடிஞ்சு நான் பெயிண்ட் அடிக்க வந்தப்ப குங்குமம் உதிந்துபோச்சு, சந்தனம் மட்டும் ஒட்டியிருந்துச்சு. தொடைக்கணும்னு துணிய எடுத்தேன். கை வரல. சார் சாமி கும்பிட்டு வச்ச பொட்டு, அத நான் போயி எப்படித் தொடைக்கிறது? தொடைச்சா அவர் மனசு என்ன பாடுபடும்? அதான் மேலயே அடிச்சுட்டேன். அப்பறம் மறந்தே போச்சு."

வழவழப்பான தகட்டில் ஒரு மேடு நெற்றிபோலத் துருத்திக்கொண்டிருந்தால் பொட்டு வைக்கிற விரல் வேறு எங்கே போகும்! காய்ந்த சந்தனம் கம்பளிபோல அந்த இடத்தைப் போர்த்திக்கொண்டது. உள்ளே தகடு மற்ற இடங்களைப்போலவே சுட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேமரா பார்த்தது கம்பளியின் வெளிப்பக்கத்தை. அது குளிர்ந்திருந்தது. அவ்வளவுதான் எங்கள் சுழல், முறுக்கு, அம்புக்குறி எல்லாம்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"சாருட்ட எப்படிச் சொல்றது?" என்றாள்.

"சந்தனம்னு ஏன் சொல்ற? பெயிண்ட் ஒரு எடத்துல தடிச்சுப்போச்சுன்னு சொல்லு. பொய்யும் இல்ல" என்றேன். அடுத்த அறிவுரை.

"இல்லக்கா. எங்க அத்தா கேட்டாலும் சந்தனம்னுதான் சொல்வேன்" என்று எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சாரின் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். துணைக்கு என்று அவளிடம் சொன்னேன். வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியாது என்பதுதான் நிஜம்.

அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள். பொட்டு வைத்தது, துடைக்கக் கை வராதது, மேலேயே அடித்தது எல்லாம். காகிதத்தில் மடித்து எடுத்துப்போன பொடியை மேசைமேல் வைத்தாள். சார் அதை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"அப்படியா?" என்றார்.

அதுவரை நான் கேட்டிராத ஒன்று. அதில் குரலே இல்லை, வெறும் காற்றுதான் வந்தது.

"எங்க வீட்டுச் சந்தனந்தான்" என்றார் பிறகு. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இத்தனை வருசம் ஒங்க எல்லாரையும் தூசி தூசின்னு படுத்தி, செருப்பக் கழட்டச் சொல்லி… கடைசியில தகட்டுல கொண்டுபோயி அப்புனது நான்."

"பெயிண்ட் அடிச்சது நான் சார்" என்றாள் நிஷா.

"சரிம்மா, ஆளுக்குப் பாதி வச்சுக்கிருவோம்" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மாநாட்டுக்காரர்களுக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அவரே எழுதினார். நிஷாவை எழுதவிடவில்லை. பெயிண்டையும் சந்தனத்தையும் அவரே உட்கார்ந்து பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். அவளைத் தொடவிடவில்லை. அதற்குப் பிறகு கோடை வரும்வரை நாங்கள் ஓடிய ஓட்டம் கொஞ்சநஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக லேபுக்கு வருவேன். நோன்பு மாதமும் சேர்ந்துகொண்டது. அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்தச் சுடுதகட்டின் முன் உட்கார்ந்திருப்பாள். சாரும் அவள் முன்னால் காபி குடிப்பதை நிறுத்திவிட்டு, வராண்டாவுக்குப் போய் ஒளிந்து குடிப்பார். அவருக்குப் பயந்து நானும்.

துடைத்துப் புதிதாகப் பெயிண்ட் அடித்த தகட்டில், ஒவ்வொரு வட்டத்திலும் எல்லாக் குழிகளும் ஒன்றுபோல இருந்தன. ஆழம் குறைந்த குழிகளால் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. குழாயைக் கிட்டே வைத்தால், ஆழமான குழிகளில் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு சூடேறிவிடுகிறது. வெறும் தகடே தேவலாம்.

"குழி போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு எழுதவா சார்?" என்று கேட்டாள் நிஷா. பாவம், அழாத குறைதான்.

"அப்படி எழுதாத. எந்த ஆழத்துக்கு மேல, எவ்வளவு கிட்டத்துல, குழி சூட்டப் பிடிச்சு வச்சுக்கிருதுன்னு எழுது. எஞ்சின் செய்யிறவன் அந்த எடத்துல குழி போடாம இருப்பான்ல?"

ஆய்வேட்டில் அந்தக் குளிர்ந்த குழியின் படத்தையும் அவள் சேர்த்தாள். படத்தின் கீழே, தகட்டின் பின்புறம் அந்நியப் பொருள் ஒட்டியிருந்ததால் ஏற்பட்ட பிழை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். சார் அதை அடித்துவிட்டு, ஆயுத பூஜையன்று நெறியாளர் வைத்த சந்தனப் பொட்டு என்று தன் கையால் திருத்தினார்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர் அந்தப் படம் இருந்த பக்கத்தில்தான் வந்து நின்றார். ஹாலில் பாதிக் கல்லூரி உட்கார்ந்திருந்தது. நிஷா நடந்ததைச் சொன்னாள். தகட்டைத் திருப்பி மாட்டியதுவரை ஒவ்வொன்றாக, தலை குனியாமல் சொன்னாள். முதலில் ஒரு சிரிப்பு, பிறகு ஹால் முழுக்கச் சிரிப்பு. வந்தவரும் சிரித்துவிட்டு, சாரைப் பார்த்து, நெறியாளர் ஏதாவது சொல்கிறீர்களா என்று கேட்டார்.

சார் எழுந்தார். "பொட்டு வச்சதுல தப்பில்ல. வச்ச எடந்தான் தப்பு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

வந்தவர் கேள்வி கேட்பதை அதோடு நிறுத்திக்கொண்டார். தன் ஆய்வில் தானே இப்படி ஒரு ஓட்டையைத் தேடிப்போய்ப் பிடித்தவரிடம் தாம் வேறென்ன பிடிப்பது என்று சொல்லி, பட்டத்துக்குப் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டார். நிஷாவின் அத்தா போனில் காத்துக்கொண்டிருந்தார். அவர் அழுதது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நிஷா ஹல்வா டப்பாவோடு வந்திருந்தாள். சார் கிண்ணத்தோடு ஒவ்வொரு மெஷினாக வந்து, தகட்டின் முன்னால் நின்றுவிட்டார். விரலில் சந்தனம், கை அந்தரத்தில்.

"டாக்டரம்மா, எங்க வைக்கட்டும்? நீயே சொல்லு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஸ்டாண்டைச் சுற்றி நிதானமாக ஒரு பார்வை பார்த்தாள். "அங்குட்டு, அந்தக் கால்ல வைங்க சார். அங்க சூடும் போகாது, கேமராவும் பாக்காது" என்றாள். சார் முட்டிவலியோடு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, குனிந்து ஸ்டாண்டின் காலில் வைத்தார். எதற்கு வம்பு என்று அன்றிலிருந்து மற்ற மெஷின்களுக்கும் காலிலேயே வைத்தார்.

செந்தில், உன் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். வாஸ்துவும் இல்லை, பணிவும் இல்லை.

அனுப்புவதற்கு முன் இதை சாரிடம் வாசித்துக் காட்டிவிட வேண்டும் என்று அவர் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்பே ஓய்வு பெற்றவர், இப்போது பார்வை மங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். அவரைக் கிண்டல் செய்த இடங்களை நான் வேகமாக வாசித்தேன். முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"எல்லாஞ் சரி மேரி. அந்தப் பிள்ள தொடைக்க மனசு வராம மேலயே அடிச்சுச்சே, அத நல்லா எழுதியிருக்கீகளா?"

"எழுதியிருக்கேன் சார். இப்பத்தான் வாசிச்சேனே."

"அப்படியா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த இடத்தை எடுத்து இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தேன். இருந்தது.